பேஸ்புக் லைவும் ஸ்டோர் சங்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், வெசாக் பண்டிகை முடிந்த வாரத்தில், கொடகவெலயில் நடந்தது இது. கடைவீதியில் கட்டியிருந்த வெசாக் விளக்குக் கூடுகளைக் கழற்றக்கூட நேரம் கொடுக்காமல் மழை பிடித்துக்கொண்டது. தாளெல்லாம் நனைந்து உரிந்து, மூங்கில் சட்டங்கள் மட்டும் கம்பிகளில் ஆடிக்கொண்டிருந்தன. அன்று காலையில் கடையைத் திறந்தபோது வீதித் தண்ணீர் எங்கள் கடைப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்த வீதியில் எனக்கு ஒரு சின்னப் புடவைக் கடை இருக்கிறது. கடை சின்னது, என் வாய் பெரியது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்த வாயை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. வாரத்தில் இரண்டு நாள் பேஸ்புக்கில் லைவ் போட்டுச் சேலை விற்கிறேன். பாதி தமிழ், பாதி சிங்களம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். பலாங்கொடையிலிருந்தும் எம்பிலிப்பிட்டியவிலிருந்தும் பெண்கள் பார்ப்பார்கள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பார்ப்பவர்கள் இன்னும் அதிகம்.

லைவில் விற்பதற்கு வாய் மட்டும் போதாது. அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு சேலையை விரித்துக் காட்டி, விலையைச் சொல்லி, வேண்டும் என்பவர்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள் என்பேன். முந்துபவருக்குச் சேலை. விளையாட்டுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், எந்த ஊர், யார் வந்து எடுப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுத்தான் முடிவு செய்வேன். இடையில் வந்து சேர்கிறவர்களுக்காக அதே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். விற்றுப்போன சேலையை உடனே மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். மேசையில் கிடந்தால் அதையே இன்னும் நாலு பேர் கேட்டுச் சண்டைக்கு வருவார்கள். இந்தப் பாடமெல்லாம் நான் சேலை விற்றுக் கற்றுக்கொண்டது. உயிர் காக்கும் வேலைக்கு இது உதவும் என்று அன்றைக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நானும் என் வீட்டுக்காரரும் கீழ்த்தட்டுச் சேலைகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. றக்வான பக்கம் மலையில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணனுக்கு வேலை. மேல் டிவிஷனில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் அண்ணியோடும் மகளோடும் இருக்கிறார். நான் பிறந்ததும் அதே லயத்தில்தான்.

"தங்கச்சி, லயத்துக்குப் பின்னால தண்ணிக் கான் நெறஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வருது. நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போறோம். போன்ல சார்ஜ் இல்ல. நீ பயப்படாத" என்று சொல்லி முடிப்பதற்குள் போன் நின்றுவிட்டது.

நான் பயப்படவில்லை. எங்கள் தோட்டத்தில் என்ன ஆபத்து என்றாலும் முதலில் ஓடுவது கோயிலுக்குத்தான். காற்றில் கூரைத் தகரம் பறந்தாலும் கோயில், லயத்தில் தீப்பிடித்தாலும் கோயில். லயத்தைவிட உறுதியான சீமெந்துக் கட்டடம். எல்லாரும் படுக்க ஒரு மண்டபம், திருவிழாவுக்குச் சமைக்கிற அண்டாக்கள், பெரிய அடுப்பு. சாமி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் வேறு. நான் அங்கே இருந்திருந்தால் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போயிருப்பேன். நல்ல இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சேலையைத் தூக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பாதை நிலவரம் பார்க்கலாம் என்று பேஸ்புக்கைத் திறந்தேன். எங்கள் பகுதிக் குழுமம் ஒன்றில் ஒரு த்ரீவீல்காரர் படம் போட்டிருந்தார். மலைக்குப் போகிற பாதை ஓரிடத்தில் வெடித்திருக்கிறது, யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்று சிங்களத்தில் எழுதியிருந்தார். பாதையின் பாதி, படி வைத்ததுபோல் கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பாவம், அவர் வண்டிக்காரர்களை எச்சரிக்கத்தான் படம் போட்டிருந்தார். நான் சும்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில், பனிக்குள் மஞ்சளாக ஒரு சின்னக் கோபுரம் தெரிந்தது.

அது எங்கள் கோயில். வெடிப்பு அதற்கு நேர் மேலே இருந்தது.

அண்ணனுக்கு எடுத்தேன். போன் அணைந்திருந்தது. அண்ணிக்கும் அப்படியே. லயத்தில் எனக்குத் தெரிந்த எல்லா நம்பருக்கும் எடுத்தேன். முதல் நாளே கரண்ட் போய்விட்டதால் ஒன்றும் வேலை செய்யவில்லை. தோட்டத்து ஆபீஸ் போன் ஊமையாகக் கிடந்தது. அவசர இலக்கம் ஓயாமல் வேலையாக இருந்தது. கிராம சேவகர் மட்டும் எடுத்தார். நல்ல மனிதர். தன் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்க, வேறோர் இடத்தில் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். மலைப்பாதை கீழேயும் வெட்டுப்பட்டுவிட்டது, ஆமி முகாமுக்குச் சொல்கிறேன், ஆனால் அவர்கள் ஏறிப் போக நேரம் எடுக்கும், நீங்களும் ஒரு வழி பாருங்கள் என்றார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். லைவைப் போட்டேன்.

முதலில் போட்ட லைவை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கும். போனைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. என் அண்ணன் குடும்பம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாரும் உதவுங்கள், ஷேர் பண்ணுங்கள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். சேலை விற்கும்போது வராத கூட்டம் அன்றைக்கு வந்தது. ஷேர் ஏறிக்கொண்டே போனது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. "அக்கே, அண்டன்ன எபா" என்று சிங்களப் பெண்கள், அழாதீர்கள் என்று எழுதினார்கள். டுபாயிலிருந்தும் கட்டாரிலிருந்தும் கடவுள் காப்பாற்றுவார் என்று எழுதினார்கள். எல்லாருக்கும் உண்மையான வருத்தம்தான். ஆனால் கோயிலில் இருக்கிற என் அண்ணனுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அப்போது ஒருத்தி கேட்டாள், பின்னால் தொங்குகிற பச்சைச் சேலை என்ன விலை என்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தக் கோபம்தான் எனக்குப் புத்தியைத் திருப்பித் தந்தது. நான் இவர்களிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். உதவுங்கள் என்றால், கட்டாரில் இருப்பவர் என்ன செய்வார்? எல்லாச் சேலையையும் மேசையில் கொட்டிவிட்டு ஏதாவது வாங்குங்கள் என்றால் ஒன்றாவது விற்குமா? ஒன்றை எடுத்து, விரித்து, இன்னாருக்கு இது என்று காட்ட வேண்டும். அழுகிற குரலில் யாருக்கும் எதையும் விற்க முடியாது. எனக்கு நன்றாக வருவது விற்கிற குரல்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு சேலைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த பேனாவால் இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதினேன். தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆட்கள் கோயிலுக்குள் இருக்கிறார்கள், கோயிலுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது. கீழே ஒரே ஒரு கேள்வி: இப்போது அந்தத் தோட்டத்துக்குள் இருப்பவர் யார்? அதைச் சேலை பிடிப்பதுபோல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். எனக்கு ஷேர் வேண்டாம், அனுதாபம் வேண்டாம், அந்தத் தோட்டத்துக்குள் இருக்கிற ஒரே ஒரு ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் இந்த லைவை விட்டுவிட்டு அவருக்குப் போன் எடுங்கள். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கமெண்ட்களின் போக்கு அப்படியே மாறியது. கும்பிடும் கைகள் குறைந்தன. என் மாமியின் மகன் அங்கே வேலை செய்கிறான், எடுத்துப் பார்க்கிறேன் என்று ஒருத்தி. எடுத்தேன், போன் வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்து சொன்னாள். பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு ஆள் இருக்கிறது என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் சேலைகளை விட்டுவிட்டு, கமெண்ட்களை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஒரு கமெண்ட் விழுந்தது. அந்த ஆட்களை எல்லாம் ஆமி வந்து ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது, யாரும் பயப்பட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். உடனே அதற்கு இதயங்கள் குவிந்தன. அப்பாடா என்று ஆளாளுக்கு எழுதிவிட்டு லைவை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதை நம்ப வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நம்பிவிட்டால் அந்த நிமிடமே என் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும்.

ஆனால் ஒரு சேலைக்கே இரண்டு கேள்வி கேட்கிறவள் நான். அண்ணன் உயிருக்குக் கேட்க மாட்டேனா?

"தம்பி, நீங்க கண்ணால பாத்தீங்களா? எந்த ஸ்கூல்?" என்று கேட்டேன். கொழும்பில் இருக்கிற நண்பர் ஒருவர் அனுப்பினார் என்றார். அவரிடமும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுவிட்டு வந்து, மன்னிக்க வேண்டும், அது வேறு தோட்டம் என்று எழுதினார். அவர் நல்ல மனதோடுதான் போட்டிருந்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரைத் திட்ட வந்தவர்களை அடக்கிவிட்டு, அது வேறு தோட்டம், நம் ஆட்கள் இன்னும் கோயிலில்தான் இருக்கிறார்கள் என்று அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர், "இங்க பாரு, உன்னோட சண்டைக்காரி" என்றார்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு சிங்களப் பெண், என்னைவிட வயதில் சின்னவள். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் காவல் காக்கிற வாச்சரின் மனைவி. ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. என் லைவ் ஒன்றையும் விடாமல் பார்ப்பாள், வாங்கத்தான் மாட்டாள். ஒரே ஒரு தடவை வாங்கினாள். போனில் தெரிந்த நிறம் வேறு, கையில் வந்த நிறம் வேறு என்று அதையும் கடைக்கே கொண்டுவந்து திருப்பினாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் இப்போது, நான் ஸ்டோர் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

என் வீட்டுக்காரரின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். லைவ் ஒரு போனில் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டோர் ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாளாம். ஆனால் ஸ்டோருக்கும் மேல் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு ஓடை உண்டு. அதன் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. கரையில் நின்று கத்தினாலும் ஓடை இரைச்சலில் கேட்காது என்றாள். இவ்வளவு பக்கத்தில் ஆளைப் பிடித்தும் ஒன்றும் முடியாதா என்று அவளிடமே கேட்டேன்.

பேசிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சங்கு ஞாபகம் வந்தது.

ஸ்டோர் உச்சியில் ஒரு மின்சாரச் சங்கு இருக்கிறது. காலையில் அது ஊதினால் எல்லாரும் பிரட்டுக்களத்துக்குப் போய்விட வேண்டும். அங்கேதான் ஆளெடுத்து, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்து வேலைக்கு அனுப்புவார்கள். காய்ச்சலாக இருந்தாலும் சரி, வீட்டில் சண்டையாக இருந்தாலும் சரி, சங்குச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களின் கால் தானாக நடக்கும். மேல் டிவிஷன் பிரட்டுக்களம் ஓடைக்கு அந்தப் பக்கம், கோயில் இருக்கிற கரையில்தான். ஆனால் சரிவிலிருந்து நன்றாக விலகி, ஒரு மேட்டில் இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவமும் அதே இடத்தில்தான். மழைக்கு ஒதுங்கக் கூரை உண்டு.

"நங்கி, சங்க ஊதச் சொல்லுங்க" என்று சிங்களத்தில் அவளைத் தங்கச்சியாக்கிக் கேட்டேன்.

வாச்சர் பக்கத்தில்தான் நின்றார். அவர் குரல் எனக்குக் கேட்டது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சொல்லாமல் சங்கில் கை வைக்க முடியாது, ஐயா வெசாக்குக்கு ஊருக்குப் போனவர் வெள்ளத்தால் திரும்பவில்லை, போனும் கிடைக்கவில்லை, நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதுவது சின்ன விஷயம் இல்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். நான் லைவைப் பார்த்தபடியே, "அண்ணே, யார் கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க. இவ்வளவு பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க, எல்லாரும் சாட்சி" என்றேன். அவர் மனைவி சிங்களத்தில் அவரிடம், சாவியைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். பிறகு செருப்புச் சத்தமும் மழைச் சத்தமும் கேட்டன. இரும்புக் கதவு ஒன்று கிறீச்சிட்டது.

அந்தப் போனை லைவ் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சங்கு ஊதியது. நீளமாக, போனே அதிர்கிற மாதிரி ஊதியது. நின்றது, மறுபடி ஊதியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கமெண்ட் ஒன்றுகூட வரவில்லை. நானும் பேசவில்லை. லைவில் உன் வாய் மூடியிருந்து பார்த்தது அன்றைக்கு மட்டும்தான் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

அவள் ஸ்டோர் மேல்மாடிக்கு ஏறி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். வெறும் பனி, ஒன்றும் தெரியவில்லை என்றாள். மறுபடி போய் ஊதினாள், திரும்பி வந்தாள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. கோயிலுக்குள் கேட்டிருக்குமா, கேட்டாலும் இந்த மழையில் என்ன பிரட்டு என்று படுத்தேயிருப்பார்களா என்று எனக்குள் ஓடியது. அண்ணன் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஒரு குடை தெரியுது அக்கே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பின்னால படங்குத் துணியத் தலையில போட்டுக்கிட்டு வர்றாங்க. நெறையப் பேர் வர்றாங்க" என்றாள்.

எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்டேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்? மடுவம் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. வந்து நின்றவர்களுக்கு ஏன் வந்தோம் என்று தெரியவில்லை. பெயர் கூப்பிடக் கணக்கப்பிள்ளையும் இல்லை, கங்காணியும் இல்லை. கோயில் அடுப்பில் உலையை வேறு கொதிக்க விட்டு வந்திருந்தார்கள். சிலர் திரும்பிப் போகப் பார்க்கிறார்கள் என்று அவள் பதறினாள்.

"திரும்பினா ஊதுங்க நங்கி. திரும்புறப்பல்லாம் ஊதுங்க" என்றேன்.

ஊதினாள். நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு பேர் கிளம்பினார்கள். மறுபடி ஊதினாள். அவள் கீழே ஓடுவதும் மேலே ஏறுவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, தயங்கி நின்ற வாச்சர் மழைக்குள் இறங்கி ஓடைக்கரைக்கு ஓடினார். அங்கே நின்று, மலையைக் காட்டி, கோயிலைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அந்தப் பக்கம் மடுவத்திலிருந்து ஒருவர் அரை வழி இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாராம். அது என் அண்ணன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு யாரும் மடுவத்தை விட்டு நகரவில்லை.

பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கியது. லொறியில் கருங்கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம் என்றாள். கோயில் சமையல்கட்டும் மண்டபத்தின் பின்பாதியும் மண்ணுக்குள் போய்விட்டன. கொதித்த உலையும் அதோடு போனது. கோயிலுக்குள் யாரும் இல்லை, எல்லாரும் இங்கேதான் என்று மடுவத்திலிருந்து வாச்சருக்குக் கையைக் காட்டினார்களாம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் கடை நடுவில், ஈரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இந்தத் தடவை லைவை அணைத்துவிட்டுத்தான் அழுதேன்.

அழுது முடித்ததும் முதல் வேலையாக அந்த லைவை எடுத்துவிட்டேன். இவ்வளவு ஷேர் போன வீடியோவை யாராவது அழிப்பார்களா, வைத்திருந்தால் உன் பேஸ்புக் பக்கம் எங்கேயோ போயிருக்குமே என்று தெரிந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். முடிந்துபோன சரக்கை மேசையில் வைத்திருப்பது என் தொழிலில் கிடையாது. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், யாரும் மலைக்குக் கிளம்ப வேண்டாம், பழையதை ஷேர் பண்ண வேண்டாம் என்று இரண்டு மொழியிலும் சின்னதாக ஒன்றைப் போட்டேன். அப்படியும் நான் அட்டை பிடித்து நிற்கிற படத்தை யாரோ வெட்டி எடுத்து வட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அது பல நாள் சுற்றியது. இன்னும் கோயிலில்தான் இருக்கிறார்களா, சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று எங்கெங்கோ இருந்து போன் வந்தது. அந்தச் சோற்றுக்கு வேறு இடத்தில் ஆட்கள் பசியோடு காத்திருந்தார்கள் என்பதால் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். ஒருவரிடம் வாய் தவறி, "அது வித்தாச்சுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பாதை திறந்ததும் மலைக்குப் போனேன். எல்லாரும் தோட்டத்து ஸ்கூலில் இருந்தார்கள். அண்ணனைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். "சங்கு ஊதுச்சு, போனோம். ஸ்டோர்ல ஏதோ அரிசி குடுக்கிறாங்கன்னு நெனச்சோம்" என்றார். அவ்வளவுதான். பேஸ்புக், லைவ், அட்டை, ஷேர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? உட்கார வைத்து ஆதியோடந்தமாகச் சொன்னேன். அண்ணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அரிசி இல்லியா?" என்றார்.

அங்கிருந்து ஸ்டோர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். டீமேக்கர் திரும்பி வந்து விசாரித்தாராம். தான் இல்லாத நேரத்தில் மறுபடி இப்படி ஏதாவது என்றால் இதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வாச்சர் அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர் மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மழை நாளுக்கு முன் சண்டை தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. எப்படி உனக்கு அந்தத் தைரியம் வந்தது, வேலை போய்விடும் என்று உனக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். பயமாகத்தான் இருந்தது என்றாள். பிறகு எழுந்து என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், ஜன்னலைத் திறந்து காட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கு நடுவில், கோயிலின் மிச்சக் கூரை தெரிந்தது.

"தெனமும் இதப் பாத்துக்கிட்டுத்தான் சமைக்கிறேன் அக்கே" என்று சிங்களத்தில் சொன்னாள். "அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகு, எப்படி நின்னு சோறு வடிக்கிறது?"

இப்போதும் மழைக்காலத்தில் போனைத் திறந்தால் எங்கிருந்தோ ஒரு அபயக் குரல் கண்ணில் படுகிறது. ஷேர் பண்ண விரல் துடிக்கும். அதற்கு முன்னால், அந்த இடத்துக் கூரை யார் வீட்டுக் குசினி ஜன்னலுக்குத் தெரியும் என்றுதான் நான் தேடுகிறேன்.